நீல டிரம்மில் கீரை போடலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாடி வீடு. காயலான் கடையில் பாதியாக வெட்டிய நீல பிளாஸ்டிக் டிரம் மலிவாகக் கிடைக்கிறது. கழுவினாலும் லேசாக வாடை அடிக்கிறது. வாங்கிக் கீரை, தக்காளி போடலாமா? வீட்டில் ஓடாத வாஷிங்மெஷின் ஒன்றும், பழைய ஊறுகாய் ஜாடி ஒன்றும் சும்மா கிடக்கின்றன.

பதில்: அந்த டிரம் வேண்டவே வேண்டாம். சிப்காட் ரசாயன ஆலைகள் இருக்கிற ஊர் நம்முடையது. லேபிள் கிழிந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. இந்தப் பிளாஸ்டிக் சில ரசாயனங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வாடை போகவில்லை என்றால் அது இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கும், அதைக் காட்டி “நல்ல பிளாஸ்டிக்” என்பார்கள். அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டும்தான் சொல்லும், உள்ளே இருந்த சரக்கைச் சொல்லாது. டிரம்தான் வேண்டுமென்றால் சமையல் எண்ணெய், ஊறுகாய் வந்தது, லேபிள் அப்படியே இருப்பது எனப் பார்த்து வாங்குங்கள்.

உங்களிடம் அதைவிட நல்ல தொட்டி வீட்டிலேயே இருக்கிறது. வாஷிங்மெஷினின் உள் டிரம் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். கடல் காற்றைத் தாங்கும், ஓட்டையும் ஏற்கெனவே இருக்கிறது. நான் மாடியில் வைத்த தகர வாளி இரண்டே மழைக்காலத்தில் அடி இற்றுப்போனது. மெக்கானிக்கிடம் கொடுத்து டிரம்மைக் கழற்றிக்கொண்டு, மோட்டாரைத் தனியாக எடைக்குப் போடுங்கள். மண் வெளியேறாமல் உள்ளே பச்சை வலையோ தேங்காய் நாரோ சுற்றுங்கள். மே மாத வெயிலில் உலோகம் கொதிக்கும், அதனால் மதிய நிழல் விழும் இடம் நல்லது. ஈர மண் லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிலோ வரும். 50 லிட்டர் டிரம் என்றால் 75 கிலோ! மண்ணோடு தேங்காய் நார்த்தூள், மக்கிய உரம் நிறையக் கலந்து, மாடியின் நடுவில் வைக்காமல் சுவரோரம் வையுங்கள்.

ஜாடிக்கு அடியில் ஓட்டை போட டைல் துளைக்கும் பிட் வாங்கி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாகத் துளைக்க வேண்டும். டிரில்லில் சுத்தியல் மோடு கூடாது, ஜாடி பிளந்துவிடும். பழைய ஜாடியின் மேல்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும், அதனால் அதில் பூச்செடி மட்டும்.

கேள்வி: புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பெயின்ட் அடித்த பழைய மரப்பெட்டி வாங்கினேன். புதினா நடலாமா?

பதில்: புதினா வேண்டாம், குரோட்டன்ஸ் நடுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் பெட்டி எந்தக் காலத்தது என்று தெரியாது. உரிகிற பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் குழந்தைகளுக்கு ஆபத்து. அப்புறம் ஒன்று, பெட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தேங்கும் தண்ணீரை நான்கு நாளுக்கு ஒருமுறை கொட்டிவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரமே போதும்.