குழாயின் மறுமுனை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தாம்பரம் பக்கம் குடியிருக்கிறேன். தனியார் கம்பெனி வேலை. இரண்டு பிள்ளைகள், அப்பா அம்மாவும் கூடவே இருக்கிறார்கள். அப்பா 1994-இல் கட்டிய வீடு, மொட்டை மாடி 900 சதுர அடி இருக்கும். சனி, ஞாயிறு வந்தால் வீட்டில் ஏதாவது ஒரு வேலை காத்திருக்கும். ஒரு வாரம் குழாய்க்கு வாஷர், ஒரு வாரம் கதவுத் தாழ்ப்பாள். பெரியவன் பக்கத்தில் நின்று ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பான். வாரத்தில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

இந்த முறை மழைக்கு முன்னால் மழைநீர்த் தொட்டியைச் சரிசெய்ய நினைத்தேன். கொத்தனார் 18,000 ரூபாய் கேட்கிறார். அந்தக் காசில் சமையல் மேடைக்கு டைல்ஸ் மாற்றலாம் என்கிறாள் மனைவி. அவள் கேட்பதும் நியாயம்தான், மூன்று வருடமாகத் தள்ளிப்போட்ட வேலை அது. அப்பாவோ, "தெருவுல நாப்பது வீடு. ஒருத்தன் தொட்டியும் வேலை செய்யல. நீ மட்டும் செஞ்சு என்ன ஆகப்போகுது?" என்கிறார்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. என் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரி தூர்வாரப் போகிறார்கள், மரம் நடுகிறார்கள். நான் வீடு, வீடு என்றே இருக்கிறேன். ஓட்டுப் போடுகிறேன், வரி கட்டுகிறேன், அதற்கு மேல் குடிமகனாக எதுவும் செய்ததில்லை. குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு பொதுக் காரியத்துக்கும் நேரம் ஒதுக்குவது எப்படி?

அன்புடன்,
கே.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தொட்டி வேலையை ஒரு பக்கமும் குடிமைக் கடமையை இன்னொரு பக்கமும் வைத்து எழுதியிருக்கிறீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த எண்ணம் மாறியது எங்கள் வீட்டுப் பின்கட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அதைச் சொல்கிறேன்.

2003-இல் தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பழைய வீடுகளுக்கும் சேர்த்துத்தான். கெடு நெருங்க நெருங்க பிளம்பர் கிடைக்காமல் ஊரே அலைந்தது. எங்கள் வீட்டில் மாமனார் ஓர் ஆளைப் பிடித்து வேலையை முடித்தார். மாடியிலிருந்து குழாய் இறங்கியது, கீழே ஒரு குழி, மேலே சிமெண்ட் மூடி. அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அந்த மூடியைத் திறக்கவில்லை. அதன் மேல் துளசித் தொட்டி வைத்தோம், சைக்கிள் நிறுத்தினோம். மூடியைத் தொடாமலே பதினாறு வருடம் போனது.

2019 கோடையில் எங்கள் போர்வெல் வற்றியது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்த வருடம் அது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது மாமனார் எதுவும் பேசவில்லை. மறுநாள் துளசித் தொட்டியை நகர்த்தச் சொன்னார்.

மூடியைத் திறந்தால் குழி நிறையக் கெட்டிப்பட்ட சேறு. வேப்பமர வேர் உள்ளே இறங்கியிருந்தது. ஜல்லியைக் காணோம். அரை ஆள் ஆழம் வெட்டியதும், பக்கவாட்டில் ஒரு குழாய் வெளியே போவது தெரிந்தது. அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, மாடிக் குழாய் வாயில் ஊற்றினாள். மாமனார் குழியருகே நின்றார். நான் ஏதோ தோன்றி, வாசல் பக்கம் இருந்த பாதாளச் சாக்கடை சேம்பரைத் திறந்து பார்த்தேன். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, நீலம் வந்து விழுந்தது.

எங்கள் மாடியில் பெய்த மழை முழுக்கச் சாக்கடைக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. குழி நிரம்பினால் வழிவதற்கென்று போட்ட குழாயை, தெரு வடிகாலுக்குக் கொண்டு போகாமல், பக்கத்தில் இருந்த சேம்பரில் செருகியிருந்தார்கள். வேலை செய்தவர் யாரோ, அவரைத் தேடிப் பயனில்லை. பதினாறு வருடம் திறந்து பார்க்காதது நாங்கள்.

இதில் ஏன் இவ்வளவு வருத்தம் என்று கேட்கலாம். பாதாளச் சாக்கடைக் குழாய் வீட்டுக் கழிவுநீருக்கு மட்டும் கணக்குப் பண்ணிப் போட்டது. மழைநீருக்குத் தெருவோர வடிகால் தனி. ஒரு மாடி மழையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் 900 சதுர அடி சுமார் 84 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 840 லிட்டர், ஐம்பத்தைந்து குடத்துக்கு மேல். வடகிழக்குப் பருவத்தில் ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் கொட்டுவது நம் ஊரில் புதிதில்லை. பத்து வீடு இப்படிச் சாக்கடையில் இறக்கினால் அந்தக் குழாய் என்ன செய்யும்? திருப்பித் தள்ளும். எந்த வீடு தாழ இருக்கிறதோ அங்கே தள்ளும்.

எங்கள் தெருவில் அந்த வீடு கடைசி வீடு. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் அந்த வீட்டு வாசல் ஒன்றரை அடி கீழே போய்விட்டது. அங்கே ஒரு பாட்டி தனியாக இருந்தார். மழைக்காலம் வந்தால் கழிப்பறைக் கோப்பையில் மணல் மூட்டையை அழுத்தி வைப்பார். அதையும் மீறிக் கழிவுநீர் ஏறி, கூடம் வரை வரும். 2015 டிசம்பரில் நான் அவருக்கு இட்லி கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன். "மழைன்னா பயமா இருக்கும்மா" என்று சொன்னார். ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். அவர் வீட்டுக்குள் ஏறிய தண்ணீரில் எங்கள் மாடித் தண்ணீரும் இருந்திருக்கிறது, தம்பி. அன்று சேம்பர் பக்கத்தில் நின்றபோது அந்த இட்லிப் பாத்திரம்தான் என் கண்ணில் நின்றது.

இன்னொன்றும் உண்டு. மழையோடு போகும் மண்ணும் சருகும் சாக்கடையை அடைக்கும். அடைத்தால் யாராவது திறக்க வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் இறங்கியவர் செத்த செய்தியை நாம் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். என் மாடியில் நான் கூட்டாத சருகு அங்கே ஒருவர் மூச்சோடு சம்பந்தப்பட்டது என்று நான் மனதார நம்புகிறேன்.

எங்கள் தாத்தா ஊர் சிவகங்கைப் பக்கம். கோடையில் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை வெட்டி விடுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும். ஆள் வராத வீடு காசு கட்ட வேண்டும். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். ஊர் வழக்கமாக இருந்ததை மதராஸ் ராஜதானியில் 1858-இல் சட்டமாகவே எழுதினார்கள். 2017-இல் அதே பெயரில் அரசுத் திட்டமும் வந்தது. தாத்தா அதைப் பொதுச் சேவை என்று சொல்லி நான் கேட்டதில்லை. "கால் வெட்டப் போறேன்" என்பார், "நாத்து விடப் போறேன்" என்கிற அதே குரலில். அப்பத்தா தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டு போவார், பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவோம். குடும்பம் முழுக்க அங்கேதான் இருக்கும். நகரத்தில் உங்கள் வீட்டின் வரத்துக்கால் அந்த நாலு அங்குல பி.வி.சி. குழாய்தான். அதை வெட்டி விட வீட்டுக்கு ஓர் ஆள் என்றால், உங்கள் வீட்டுக்கு நீங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். 18,000 ரூபாய்க்குக் கொத்தனார் என்ன செய்யப்போகிறார் என்று கேட்டுப் பாருங்கள். மண்ணைப் பார்க்காமல் சொன்ன விலையாக இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சென்னையில் கடற்கரைப் பக்கம் மணல், சின்னக் குழியே தண்ணீரை வாங்கிக்கொள்ளும். மேற்கே பல இடங்களில் களிமண், குழியில் விட்டது குழியிலேயே நிற்கும். பரங்கிமலையைச் சுற்றிப் பாறை. எங்களுக்கு மேலே களி இருந்ததால், மூன்றடி அகலத்தில் சிமெண்ட் உறை இறக்கிப் பதினைந்து அடி போனோம். அங்கே மணல் தட்டியது. அதற்கு முன்னால் ஒரு வடிகட்டும் தொட்டி: அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, அதற்கு மேல் கொசுவலை விரித்து மணல். வலை இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை மணலை மட்டும் அள்ளிக் கழுவிப் போடலாம். அதுதான் உங்கள் பெரியவனுக்கு ஏற்ற வேலை. பழைய கிணறு இருந்தால் அதிலேயே விடலாம், செலவு பாதியாகும். ஆனால் மூடிக் கிடந்த கிணற்றிலோ ஆழமான குழியிலோ யாரையும் சட்டென்று இறக்கிவிடாதீர்கள், உள்ளே விஷவாயு இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் காசு பார்க்க வேண்டாம். முதல் மழையைச் சேர்க்காமல் வெளியே விட, குழாய் அடியில் 'டி' வடிவ இணைப்பு ஒன்றும் அதற்கு ஒரு மூடியும் போதும். தொட்டி நிரம்பி வழிவது தெரு வடிகாலுக்குத்தான் போக வேண்டும்.

சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. உங்கள் மாடிக்கு அது ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்தாலும் 12,000 லிட்டர் லாரியில் ஏழு லாரிக்கு மேல். இந்தக் கணக்கை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். அந்தத் தண்ணீர் உங்கள் போரிலேயே ஊறும் என்று மட்டும் சொல்லாதீர்கள். நிலத்துக்குள் போனதற்குக் காம்பவுண்டு சுவர் கிடையாது. பக்கத்து வீட்டுக்கும் போகும், போகட்டும்.

எங்கள் தெருவில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். நான் யாரிடமும் பிரசங்கம் செய்யவில்லை. மகளும் அவள் தோழியும் நீல வாளியோடு பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். அப்புறம் அடுத்த வீடு. பதினான்கு வீடுகளில் ஒன்பது வீட்டு நீலம் சாக்கடையில் வந்தது. கண்ணால் பார்த்தவர்களிடம் வாதம் தேவைப்படவில்லை. அந்த மழைக்குள் ஆறு வீட்டார் குழாயைத் திருப்பினார்கள். மூன்று பேர் செய்யவில்லை. எதிர் வீட்டுக்காரர் எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். பாட்டி வீட்டில் அந்த வருடமும் தண்ணீர் ஏறியது, ஆனால் கழிப்பறை வாசலோடு நின்றது. கூடத்துக்கு வரவில்லை. எங்கள் போரில் தண்ணீர் கொஞ்சம் மேலே வந்தது, அதற்கு அந்த வருட மழைதான் காரணமோ என்னவோ, நான் உரிமை கொண்டாட மாட்டேன்.

உங்கள் மனைவியின் டைல்ஸைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்று வருடம் காத்திருந்தவரை இன்னும் காக்க வைத்துச் செய்யும் பொதுக் காரியம் வீட்டில் கசப்பாகத்தான் முடியும். உறை இறக்குவது அடுத்த வருடமும் செய்யலாம். மாடியைக் கூட்டுவது, சல்லடை போடுவது, குழாய் சாக்கடையில் செருகியிருந்தால் எடுத்துவிடுவது, இதெல்லாம் சில ஆயிரத்துக்குள் முடியும். மழை தொடங்குவதற்கு முன் முடிக்க வேண்டியது இவ்வளவுதான். ஏரிக்கு ஒரு ஞாயிறு போக முடிந்தால் போங்கள், நல்லதுதான். போக முடியவில்லை என்று குற்ற உணர்வு வேண்டாம்.

இந்தச் சனிக்கிழமை ஒரு பாட்டில் சொட்டு நீலம் வாங்குங்கள். பெரியவனை மாடிக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் வாசலில் சேம்பரைத் திறந்துவைத்துக்கொண்டு நில்லுங்கள். அப்பாவையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். நீலம் எங்கே வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா