கேளுங்க சொல்றோம்: தீவனப் பாடம்

கேள்வி: காலேஜ்ல அக்ரி பசங்களுக்கு கால்நடைத் தீவனம் பாடம் எடுக்கறேன். ஃபார்முலாவ மனப்பாடமா எழுதிடறாங்க, ஆனா ஒரு மாட்டைக் காட்டி இதுக்கு என்ன போடுவேன்னு கேட்டா முழிக்கறாங்க. என்ன பண்ணலாம்?

பதில்: போர்டை விட்டுட்டு முதல்ல தராசைக் கையில குடுங்க. 30 கிலோ பச்சைப்புல், 5 கிலோ வைக்கோல், எதுல சத்து ஜாஸ்தின்னு கேட்டா எல்லாரும் புல்லுன்னுதான் கை தூக்குவாங்க, ஆனா புல்லுல 80 சதவீதம் தண்ணியா இருந்தா, அது போக மிஞ்சற உலர்பொருள் 6 கிலோதான், வைக்கோல்ல 90 சதவீதம் உலர்பொருள், அப்போ நாலரை கிலோ, வித்தியாசம் நெனச்ச அளவுக்கு இல்லையேன்னு அவங்களே சொல்லட்டும். அடுத்தது அந்த நாலரை கிலோவுல புரதம் எவ்ளோன்னு கேளுங்க, அங்கதான் வைக்கோல் தோத்துடும். 400 கிலோ கறவை மாட்டுக்கு உடல் எடையில 3 சதவீதம்னு வெச்சா ஒரு நாளைக்கு 12 கிலோ உலர்பொருள் வேணும், இதை அவங்களே கணக்கு போடணும்.

கலப்புத் தீவனத்துக்கு பியர்சன் சதுரம் போதும், ரெண்டு தீவனத்தை எந்த விகிதத்துல கலக்கணும்னு கட்டம் போட்டு கண்டுபிடிக்கற கணக்கு அது. மக்காச்சோளத்துல புரதம் 9 சதவீதம், சோயா புண்ணாக்குல 45, நமக்கு வேண்டியது 18, குறுக்கா கழிச்சா (45-18, 18-9) 27-க்கு 9, அதாவது 100 கிலோவுல 75 கிலோ மக்காச்சோளம், 25 புண்ணாக்கு. சாஃப்ட்வேர் அப்புறம் பாத்துக்கலாம், கையால போடாதவனுக்கு அது தப்பா சொன்னாலும் தெரியாது (என் அனுபவம்!).

இன்னொண்ணு, தானியத்தைத் திடீர்னு ஏத்தினா வயித்துல அமிலம் கூடி மாடு படுத்துடும், 10 நாள் எடுத்து மெதுவா மாத்தணும். இதைச் சொல்றப்ப மாட்டோட இடது பக்கப் பள்ளத்துல கைய வெச்சு ரூமன் (மாட்டோட பெரிய முதல் இரைப்பை) அசையறதத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க.