சைக்கிள் ஆலமரத்தடியில், நாம் மலைமேல்

கேள்வி: எனக்கு வயது 44, வீடு மதுரை எல்லீஸ் நகரில். மூன்று மாதம் முன்பு கியர் சைக்கிள் வாங்கினேன். ஒரே ரோட்டில் போய்ப் போய்த் திரும்பி அலுத்துவிட்டது. மலையேறவும் ஆசை, ஆனால் கொடைக்கானல், சிறுமலை என்று கிளம்பினால் நாள் முழுக்கப் போய்விடும். ஞாயிறு காலை ஒன்பதரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே காலையில் நடக்குமா?

பதில்: தாராளமாக நடக்கும். மதுரைக்காரருக்கு இது வாய்த்த பாக்கியம் என்றே சொல்வேன். தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் போய் இடதுபுறம் திரும்பினால் கீழக்குயில்குடி, அங்கே சமணர் மலை. உங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர்தான். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறேகாலுக்கு மலையடியில் நிற்பீர்கள். தாமரைக் குளம், கரையில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரங்கள். சைக்கிளை மரத்தடியில் பூட்டிவிட்டு, பக்கத்து டீக்கடையில் "அண்ணே, ஒன்றரை மணி நேரம் நிற்கட்டும், பார்த்துக்கோங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பூட்டைவிட அந்த வார்த்தைக்குத்தான் பலம் அதிகம். இறங்கி வந்து அங்கேயே டீ குடிக்கப் போகிறீர்கள், அப்புறம் என்ன.

இறங்கியதும் உடனே படியேறாதீர்கள். அதுவரை மிதித்த தொடை இறுகிப்போய் இருக்கும், குளக்கரையில் ஐந்து நிமிடம் நடந்தால் கால் தளர்ந்துவிடும். அடியில் கொக்கி வைத்த சைக்கிள் ஷூ இருந்தால் அதை வீட்டிலேயே விடுங்கள், பாறையில் அது வழுக்கும். சாதாரண ரப்பர் ஷூ போதும், மிதிக்கவும் ஏறவும் அதுவே சரி.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் வரும். ஒரே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர் வணங்கும் குருமார்களின் உருவங்கள், கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து. அதில் ஒரு கல்வெட்டு, அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி இது என்கிறது. 1,000 ஆண்டுக்கு மேல் பழைய எழுத்து. மகன் துறவியாகிவிட்டான், தாய் இந்தப் பாறையில் ஒரு உருவம் செய்வித்துப் பெயரை விட்டுப் போயிருக்கிறாள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கும், அப்போது உங்களால்கூட ஒன்றிரண்டு எழுத்தைப் பிரித்துப் பார்க்க முடியும். காரில் பத்து மணிக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை. தெம்பிருந்தால் இன்னும் மேலே போங்கள். இல்லையென்றால் இறங்கி, மலையைச் சுற்றிக்கொண்டு செட்டிப்புடவுக்கு நடங்கள். அங்கே குகை வாசலில் முக்குடைக்கு, அதாவது அடுக்கிய மூன்று குடைகளுக்குக் கீழே பெரிய மகாவீரர் அமர்ந்திருக்கிறார், ஊர்க்காரர்களுக்கு அவர் செட்டியார்.

சிறிய மலைதானே, ஒரு முறை போனால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நான் பல வருடமாகப் போகிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு போன மலையும் மாசியில் போன மலையும் ஒன்றே இல்லை. மழை முடிந்த வாரம் மட்டும் கவனம், பாசி படிந்த பாறையில் கால் நிற்காது. கோடையில் எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள், பாறை சுட ஆரம்பித்தால் இரண்டு லிட்டர் தண்ணீரும் பத்தாது. ஆடியில் போகும்போது மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும், விடாமல் மிதியுங்கள். மலையிறங்கி முட்டி ஓய்ந்திருக்கும் நேரத்தில் அதே காற்று முதுகில் கைவைத்து வீடுவரை தள்ளிக்கொண்டு வரும்.

கேள்வி: மலையடி மண்பாதையில் போனாலே பஞ்சர் ஆகிறது. என்ன செய்வது?

பதில்: சீமைக்கருவேல முள்தான். ஒருமுறை நாகமலை ஓரம் முன் டயர் இறங்கி, அவசரத்தில் ட்யூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினேன், இரண்டு கிலோமீட்டரில் மறுபடியும் காற்றுப் போய்விட்டது. முள்ளின் நுனி முறிந்து டயருக்குள்ளேயே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து டயரின் உட்புறம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்காமல் புது ட்யூப் போடுவதில்லை. மண்பாதை முடிந்து தார் ரோட்டில் ஏறும் இடத்தில் இறங்கி, இரண்டு சக்கரத்தையும் சுற்றிவிட்டுப் பாருங்கள். மேலாகக் குத்தி நிற்கும் முள்ளை அங்கேயே பிடுங்கிவிட்டால் பாதிப் பஞ்சர் மிச்சம். ஒரு ட்யூப், ஒட்டுப் பொருள், கைப்பம்ப் மூன்றும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

கேள்வி: மலைப் பாறையிலேயே சைக்கிள் ஓட்டலாமா?

பதில்: இந்த மலைகளில் வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடங்கள், எங்கே எழுத்து இருக்கிறது என்று சக்கரத்துக்குத் தெரியாது. பெயர் செதுக்கியே சமணத் துறவிகளின் கற்படுக்கைகளைப் பாழாக்கியிருக்கிறார்கள், அது போதும்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, பறவைகள் என்றால் உயிர். அவளோடு அரிட்டாபட்டிக்குச் சைக்கிளில் போகலாமா?

பதில்: அவசியம் கூட்டிப் போங்கள் அம்மா. மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர், போக வர 50 என்றால் அவளுக்கு அதிகம். இரண்டு சைக்கிளையும் ஒரு வண்டியில் ஏற்றி மேலூர் வரை போய், அங்கிருந்து மிதியுங்கள், தூரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனபோது ஊர் ஊராக மக்கள் எழுந்து நின்றார்கள், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. நாம் இன்று அந்தக் குன்றுகளில் கால் வைப்பது அவர்களால்தான், இதை மகளிடம் சொல்லுங்கள்.

லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு மூன்றுமே அங்கே உண்டு. பாறை முகட்டுக்கு நேரே ஏறிப் போகாமல் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பாருங்கள், கூடு கட்டும் காலத்தில் கிட்டப் போனால் பறவை விட்டுவிட்டுப் போய்விடும். பாறை இடுக்கில் கறுப்பாகத் தொங்குவது மலைத்தேன் அடை. அதற்கடியில் சத்தம், புகை, சென்ட் வாசனை எதுவும் கூடாது, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறகு குடைவரைக் கோயிலுக்கு நடந்து போய், அங்கே கையில் தடியோடு உட்கார்ந்திருக்கும் இலகுலீசரை, சிவனின் ஒரு வடிவமாகப் போற்றப்படுபவரை, மகளுக்குக் காட்டுங்கள். தமிழ்நாட்டில் அவரை அதிக இடங்களில் பார்க்க முடியாது.