ஸ்கிரீன்ஷாட் எடுக்கக் காசு எதற்கு?

கேள்வி: ஈரோட்டில் ஒரு துணி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். ஜி.எஸ்.டி. பக்கம், பேங்க் பக்கம் என்று தினமும் திரையைப் படம் பிடித்து ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. இப்போது மானிட்டரை மொபைலில் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்; கோடு கோடாக விழுகிறது என்று திட்டு வாங்குகிறேன். கம்ப்யூட்டர் கடையில் கேட்டால், "அதற்குத் தனி சாஃப்ட்வேர் இருக்கு சார், 1,800 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த வேலைக்கான கருவி உங்கள் விண்டோஸிலேயே இருக்கிறது. அதற்கான காசை விண்டோஸ் வாங்கும்போதே கொடுத்துவிட்டீர்கள்.

விண்டோஸ் பட்டன், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரை லேசாக மங்கி, மேலே ஒரு சின்னப் பட்டை வரும். மவுஸை இழுத்து வேண்டிய இடத்தை மட்டும் கட்டம் கட்டினால் போதும், படம் கிளிப்போர்டுக்கு (காப்பி செய்தது தற்காலிகமாகத் தங்கும் இடம்) போய்விடும். வாட்ஸ்அப் வெப்பிலோ மெயிலிலோ வேர்டிலோ கன்ட்ரோல், வி அழுத்தினால் வந்து விழும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது உண்டு. விண்டோஸ் 11 என்றால் பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் ஒரு பிரதி தானாகவே சேவ் ஆகும். 10 என்றால் மூலையில் வரும் அறிவிப்பைத் தொட்டு நீங்களாகத்தான் சேவ் செய்ய வேண்டும். பலர் "எடுத்தேன், காணோம்" என்று சொல்வது இதனால்தான்.

முழுத் திரையும் வேண்டும், உடனே ஃபைலாக வேண்டும் என்றால் விண்டோஸ் பட்டனோடு பிரிண்ட் ஸ்கிரீன். திறந்திருக்கும் ஜன்னல் மட்டும் போதும் என்றால் ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன். இது கிளிப்போர்டுக்குத்தான் போகும், பேஸ்ட் செய்துகொள்ள வேண்டும். லேப்டாப்பில் பிரிண்ட் ஸ்கிரீன் வேறொரு பட்டனோடு ஒட்டிக்கொண்டிருந்தால் எஃப்.என். பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள்.

உங்கள் வேலைக்கு இன்னொன்றும் உதவும். விண்டோஸ் பட்டனும் வி-யும் அழுத்தினால் கிளிப்போர்டு ஹிஸ்டரி வரும். முதல் தடவை அதை ஆன் செய்ய வேண்டும். அதன் பிறகு நாலைந்து பக்கங்களை வரிசையாகப் படம் பிடித்துவிட்டு, ஒரே மெயிலில் ஒவ்வொன்றாக எடுத்துப் போடலாம். முன்னே பின்னே ஓட வேண்டியதில்லை. பேங்க் விவரம் இருக்கும் பொதுக் கம்ப்யூட்டர் என்றால், வேலை முடிந்ததும் அந்த ஹிஸ்டரியை கிளியர் செய்துவிடுங்கள்.

அந்த 1,800 ரூபாய் சாஃப்ட்வேர் எது என்று நீங்கள் எழுதவில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை சி.டி.யிலோ பென் டிரைவிலோ போட்டுக் கொடுத்து "இன்ஸ்டலேஷன் சார்ஜ்" வாங்குகிற பழக்கம் உண்டு. பெயரைக் கேட்டு, அதை வெளியிட்டவர்களின் தளத்தில் என்ன விலை என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: மெனுவைத் திறந்த நிலையில் படம் பிடிக்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் மெனு மூடிக்கொள்கிறதே?

பதில்: விண்டோஸிலேயே இருக்கும் ஸ்னிப்பிங் டூல் என்ற படம் பிடிக்கும் கருவியைத் திறந்து, அதில் கடிகாரப் படம் போட்ட இடத்தில் 3 அல்லது 5 விநாடி தாமதம் வையுங்கள். 'நியூ' அழுத்திவிட்டு நிதானமாக மெனுவைத் திறந்து காத்திருங்கள். திரை அப்படியே உறையும், பிடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஆன்லைனில் மிக்ஸி வாங்கினேன். விளம்பரத்தில் இருந்த விலை வேறு, பணம் கட்டும் பக்கத்தில் வந்தது வேறு. வாரன்டியும் 5 வருடம் என்று போட்டிருந்தார்கள். இப்போது 2 வருடம்தான் என்கிறார்கள், பக்கத்தையும் மாற்றிவிட்டார்கள். நல்ல வேளை, ஒரு ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன். அது செல்லுமா? இனிமேல் எப்படி எடுத்து வைத்துக்கொள்வது?

பதில்: செல்லும், ஆனால் எப்படிப்பட்ட ஸ்கிரீன்ஷாட் என்பதைப் பொறுத்தது. விலையை மட்டும் பெரிதாக வெட்டி எடுத்த படம் பலவீனமானது. எந்தத் தளம், எந்தத் தேதி என்று அதில் ஒன்றுமே தெரியாது. மேலே முகவரிப் பட்டையும் கீழே டாஸ்க்பாரில் தேதி, நேரமும் சேர்ந்து தெரியும்படி முழுத் திரையை எடுங்கள். வெட்டுவது, வட்டம் போடுவது எல்லாம் பிரதியில்தான். மூல ஃபைலைத் தொடவே கூடாது.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, அதுவும் இலவசம். பொருளின் பக்கத்தில் கன்ட்ரோல், பி அழுத்தி, பிரின்டருக்குப் பதில் 'சேவ் ஆஸ் பி.டி.எஃப்.' தேர்ந்தெடுங்கள். 'ஹெடர்ஸ் அண்ட் ஃபுட்டர்ஸ்' என்ற கட்டத்தில் டிக் இருந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் இணைய முகவரியும் தானாக அச்சாகும். எழுத்துகளும் படமாக இல்லாமல் எழுத்தாகவே இருப்பதால், பின்னால் தேடி எடுப்பது சுலபம். நான் சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் எது வாங்கினாலும் பணம் கட்டுவதற்கு முன் இப்படி ஒரு பி.டி.எஃப். போட்டுக்கொள்கிறேன். வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சில தளங்களை இப்படி பி.டி.எஃப். எடுத்தால் பக்கம் கலைந்து அலங்கோலமாகிவிடும். அப்போது முழுப் பக்க ஸ்கிரீன்ஷாட்டுக்குப் போங்கள். ஃபயர்ஃபாக்ஸில் வலது கிளிக் செய்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வசதி வரும். அதில் முழுப் பக்கத்தையும் சேவ் செய்யலாம். எட்ஜ் உலாவியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ். குரோமில் கொஞ்சம் ஒளித்து வைத்திருக்கிறார்கள்: எஃப்12 அழுத்தி, பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தி, வரும் பெட்டியில் 'ஸ்கிரீன்ஷாட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால், 'கேப்சர் ஃபுல் சைஸ் ஸ்கிரீன்ஷாட்' என்று ஒரு வரி வரும். பார்க்கப் பயமாக இருக்கும், ஒன்றும் ஆகாது. இதற்காக எக்ஸ்டென்ஷன் (உலாவியோடு சேர்க்கும் துணைக் கருவி) போடுவதாக இருந்தால், அது கேட்கும் அனுமதியைப் படித்துப் பாருங்கள். நீங்கள் போகும் எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்க அனுமதி கேட்டால், உங்கள் நெட் பேங்கிங் பக்கமும் அதில் அடக்கம்.

சரி, உங்கள் மிக்ஸிக்கு வருவோம். முதலில் விற்றவருக்கு மெயிலில் புகார் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டையும் பில்லையும் இணையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். முதலில் ஒரு விலை காட்டி, பணம் கட்டும்போது கட்டணங்களைச் சேர்ப்பதை, 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் 'டார்க் பேட்டர்ன்' (வாங்குபவரைக் குழப்பும் தந்திரங்கள்) வழிகாட்டு நெறிகள் ஏமாற்று முறைகளில் ஒன்றாகவே பட்டியலிட்டிருக்கின்றன. புகாரில் அதைக் குறிப்பிடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே போகும்போது, மின்னணு ஆவணத்துக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்று வேண்டும் என்று எதிர்த்தரப்பு கிளப்பலாம். மூல ஃபைலையும் அதை எடுத்த கம்ப்யூட்டரையும் பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்வது அதற்காகத்தான்.

கேள்வி: கோவையில் கம்ப்யூட்டர் பயிற்சி மையம் நடத்துகிறேன். பாடக் குறிப்புகளுக்கு அம்புக்குறி, 1, 2, 3 என்று எண் எல்லாம் போட்டு நிறைய படங்கள் தயாரிக்க வேண்டும். ஸ்னிப்பிங் டூல் போதவில்லை. எது வாங்கினால் நல்லது?

பதில்: முதலில் கிரீன்ஷாட் போட்டுப் பாருங்கள். ஓப்பன் சோர்ஸ் (நிரலை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்தது), வணிகத்துக்கும் இலவசம். பிடித்த படத்தை அதன் எடிட்டரிலேயே திறக்கலாம். கிளிக் செய்யச் செய்ய எண்கள் தானாக ஏறிக்கொண்டே போகும். பாடக் குறிப்புக்கு அது ஒன்றே பாதி வேலையைக் குறைக்கும்.

ஷேர்எக்ஸ் இன்னும் பலசாலி, அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். நீளமான ஜன்னலை ஸ்க்ரோல் செய்தபடியே பிடிக்கும், வீடியோவும் பிடிக்கும். ஆனால் மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. உங்களுக்குச் சரியாக வரும். உங்கள் மாணவர்களுக்கு முதல் நாளே கொடுத்தால் ஓடிவிடுவார்கள். படத்தை இணையத்தில் ஏற்றும் வசதியும் அதில் இருப்பதால், படம் பிடித்த பிறகு என்ன நடக்க வேண்டும் என்ற பட்டியலைத் திறந்து, 'அப்லோட்' டிக் ஆகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிக்பிக் என்று ஒன்றைப் பலர் சிபாரிசு செய்வார்கள். அழகான கருவிதான். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். நீங்கள் கட்டணம் வாங்கி மையம் நடத்துகிறீர்கள், ஆகவே லைசென்ஸ் வாங்க வேண்டும். இலவசம் என்று போட்டிருந்தால் யாருக்கு இலவசம் என்பதையும் பாருங்கள். ஸ்னாகிட் மாதிரி காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர், நாள் முழுக்க இதே வேலையாக உட்கார்ந்திருப்பவருக்கு நியாயம். உங்களுக்கு கிரீன்ஷாட்டில் ஒரு மாதம் ஓட்டிய பிறகும் குறை தெரிந்தால் அப்போது யோசிக்கலாம்.

எதைப் போட்டாலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலோ அந்த சாஃப்ட்வேரின் சொந்தத் தளத்திலோ மட்டும் இறக்குங்கள். கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வரும் 'ஃப்ரீ டவுன்லோட்' தளங்களில் கூடவே நாலு வேண்டாத சாமான் ஒட்டிக்கொண்டு வரும்.

கேள்வி: லைட்ஷாட் வைத்திருக்கிறேன். எடுத்ததும் ஒரு லிங்க் கிடைக்கிறது, அதை அனுப்பினால் வேலை முடிந்தது. ரொம்ப வசதி. இதில் ஏதாவது ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. இலவசக் கருவிகளில் நான் கவலைப்படுவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

லிங்க் கிடைக்கிறது என்றால், படம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டுப் போய் இன்னொருவர் சர்வரில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். லைட்ஷாட் முன்பு தந்த லிங்குகளின் கடைசியில் சில எழுத்துகளும் எண்களும் மட்டுமே இருந்தன. ஒரே தெருவில் அடுத்தடுத்த கதவிலக்கம் மாதிரி, அதில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டால் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய படம் திறந்தது. பாஸ்வேர்டு, பேங்க் பேலன்ஸ், பாஸ்போர்ட் பக்கம் என்று பலருடைய படங்கள் இப்படி வெளியே வந்திருக்கின்றன. உங்கள் பழைய லிங்க் இருந்தால் அதையும் யாரோ ஒருவர் அப்படித் தட்டிப் பார்க்கலாம். படத்தை சேவ் செய்யவும் காப்பி செய்யவும் அதிலேயே பட்டன் இருக்கிறது, அவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். அப்லோட் பட்டன் பக்கம் போகாதீர்கள்.

மறைப்பதிலும் கவனம் வேண்டும். ஆதார் எண், கணக்கு எண் மீது மங்கலாக்கும் 'ப்ளர்' போடுவது போதாது. சில சமயம் கட்டம் கட்டமாக்கிய எண்ணைக்கூடக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். கறுப்பு ஹைலைட்டரால் பூசுவது அதைவிட மோசம். வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரியும். நிறம் முழுசாக நிரப்பிய கறுப்புப் பெட்டி போட்டு, படமாகவே சேவ் செய்யுங்கள்.

2023 மார்ச்சில் விண்டோஸ் ஸ்னிப்பிங் டூலிலேயே ஒரு ஓட்டை தெரியவந்தது. ஒரு படத்தை வெட்டி அதே பெயரில் சேவ் செய்தால், வெட்டிய பகுதியின் தரவு ஃபைலின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் அதே மாதம் ஸ்டோர் வழியாகச் சரிசெய்துவிட்டது. ஸ்டோரில் அப்டேட் ஓடியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். அதற்கு முன் வெட்டி அனுப்பிய பழைய படங்கள் இன்னும் எங்காவது பொதுவில் இருந்தால் நீக்கிவிடுவது நல்லது.

கேள்வி: மகள் கல்லூரிக்கு மேக்புக் வாங்கியிருக்கிறாள். அதில் பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனே இல்லை. பையனின் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், 3 முழுத் திரை. 4 என்றால் பகுதி மட்டும். 4 அழுத்திய பிறகு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒரு ஜன்னலை மட்டும் பிடிக்கும். 5 என்றால் எல்லா வசதியும் உள்ள பட்டை வரும், வீடியோவும் அதிலேயே. படங்கள் டெஸ்க்டாப்பில் போய் விழும், ஒரு மாதத்தில் டெஸ்க்டாப் குப்பைக் கூடையாகும். அந்தப் பட்டையின் 'ஆப்ஷன்ஸ்' போய் வேறு ஃபோல்டரை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உபுண்டுவில் பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தினாலே போதும். அம்பு, எண் எல்லாம் வேண்டும் என்றால் ஃபிளேம்ஷாட், இலவசம்.

கேள்வி: கம்ப்யூட்டரில் தெளிவாக இருக்கும் படம், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்தெல்லாம் கலங்கிவிடுகிறது. நல்ல சாஃப்ட்வேர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. படத்தைச் சுருக்குவது வாட்ஸ்அப். பி.என்.ஜி.யாக சேவ் செய்து, போட்டோ என்று அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். எடுத்தது எடுத்தபடி போய்ச் சேரும்.