அப்பாவின் மணிவிழாவுக்கு யாட்: 12,000 வெள்ளி என்பது 12,000 வெள்ளிதானா?

கேள்வி: அப்பாவுக்கு இந்த ஆண்டு இறுதியில் 60 வயது நிறைகிறது. மணிவிழாப் பூஜையைக் கோவிலில் முடித்துவிட்டு, டிசம்பர் பள்ளி விடுமுறையில் புக்கெட் போய் ஒரு தனி யாட் (உல்லாசப் படகு) எடுத்து மூன்று இரவு கடலிலேயே தங்கலாம் என்கிறான் தம்பி. அப்பா, அம்மா, நான், தம்பி, தங்கை, எங்கள் துணைகள், பிள்ளைகள் ஆறு பேர், மொத்தம் 14 பேர். ஒரு ஏஜெண்ட் 12,000 வெள்ளி என்று விலை கொடுத்திருக்கிறார். "20 பேர் வரை போகலாம், செலவுகளும் வரியும் தனி" என்று அதில் இருக்கிறது. குடும்பத்துக்கு 4,000 என்று பேசி வைத்திருக்கிறோம். பாதிப் பணம் 6,000 வெள்ளியை இந்த வாரமே தன் சொந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார். தம்பி போனஸ் வந்ததும் தருகிறேன் என்கிறான், தங்கை "பார்த்துக்கலாம் அக்கா" என்கிறாள். என் சேமிப்பு 9,000 வெள்ளி, மாதச் செலவு 4,500. சேமிப்பிலிருந்து கட்டட்டுமா, கிரெடிட் கார்டில் போடட்டுமா? அதே ஏஜெண்ட் ஒரு நாள் பயணத்துக்கு, எட்டு மணி நேரம், சாப்பாடு, எரிபொருள், வரி எல்லாம் சேர்த்து 2,900 வெள்ளி என்றும் சொன்னார். தம்பிக்கு அது பிடிக்கவில்லை.
(சிங்கப்பூர், ஈசூன் வாசகி)

பதில்: இந்த வாரம் ஒரு காசும் அனுப்பாதீர்கள். சேமிப்பிலிருந்தும் வேண்டாம், கார்டிலும் வேண்டாம். அப்பாவுக்குச் சிறப்பாகச் செய்ய வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது, அது நடக்கத்தான் வேண்டும். ஆனால் இப்போதுள்ள ஏற்பாட்டில் 14 பேர் அனுபவிக்கப் போகும் ஒரு விஷயத்தின் முழுப் பொறுப்பும் உங்கள் ஒருவர் தலையில் வந்து விழுகிறது, அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

விலையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் 4,000 என்று நீங்கள் மூன்று பேரும் பேசி வைத்திருக்கும் கணக்கே தவறு. யாட் வாடகையில் "செலவுகள் தனி" என்று எழுதியிருந்தால், 12,000 என்பது படகுக்கும் அதன் பணியாளர்களுக்கும் மட்டும்தான். எரிபொருள், சாப்பாடு, குடிதண்ணீர், படகு நிறுத்தும் மரீனாவில் கட்டும் கட்டணம் எல்லாவற்றுக்கும் ஏபிஏ என்று ஒரு முன்பணம் கேட்பார்கள், கல்யாணச் சமையல்காரரிடம் மளிகை வாங்க முதலிலேயே ஒரு தொகை கொடுத்து வைப்போமே, அந்த மாதிரி. வாடகையில் 25 முதல் 35 விழுக்காடு வரை இது இருக்கும். மிஞ்சினால் திருப்பித் தருவார்கள், மிஞ்சாமல் போனால் இறங்கும்போது மேலும் கட்ட வேண்டும். 30 விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம், 3,600 வெள்ளி. தாய்லாந்தின் மதிப்புக்கூட்டு வரி 7 விழுக்காடு, அதாவது 840. படகுப் பணியாளர்களுக்கு அன்பளிப்பு கொடுப்பது இந்தத் தொழிலில் எல்லா ஊரிலும் உள்ள வழக்கம், 10 விழுக்காடு என்றால் 1,200. கூட்டினால் 17,640 வெள்ளி. மூன்று குடும்பம் பிரித்தால் ஆளுக்கு 5,880, அப்புறம் விமான டிக்கெட். ஆக, இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1,880 வெள்ளி கூடிவிட்டது. தங்கை 4,000க்கே "பார்த்துக்கலாம்" என்கிறாள் என்றால் 5,880க்கு என்ன சொல்வாள் என்று யோசித்துப் பாருங்கள்.

எரிபொருள் பற்றி ஒரு வார்த்தை. வந்திருக்கும் விலை பாய்மரம் உள்ள கேட்டமரான் என்ற இரட்டை அடிப்பாகப் படகுக்கா, இயந்திரத்தில் மட்டும் ஓடும் மோட்டார் யாட்டுக்கா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. மோட்டார் யாட் வேகமாகப் போகும், ஆனால் எண்ணெய் குடிக்கும். அந்த வகைப் படகாக இருந்தால் 30 விழுக்காடு பற்றாமல் போகவும் வாய்ப்பு உண்டு, தீவு தீவாகத் தாவ ஆசைப்பட்டால் இன்னும் கூடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, ஏஜெண்ட் அதைப் பற்றிப் பேசவே இல்லை. "20 பேர் வரை" என்பது பெரும்பாலும் பகல் பயணத்துக்கான எண்ணிக்கை. பகலில் மேல்தளத்தில் 20 பேர் உட்காரலாம், இரவில் 20 பேர் எங்கே படுப்பது? நாலைந்து அறை உள்ள கேட்டமரானில் எட்டு முதல் பத்து பேர்தான் வசதியாகத் தூங்க முடியும். அதோடு, சோலாஸ் எனப்படும் அனைத்துலகக் கடல் பாதுகாப்பு உடன்பாட்டின்படி 12 பயணிகளுக்கு மேல் ஏற்றும் கலம் பயணிகள் கப்பல் என்ற வகைக்குள் போய்விடுகிறது, அதற்கான விதிகள் மிகவும் கடுமை. அதனால்தான் இரவு தங்கும் வாடகை யாட்டுகள் பெரும்பாலும் 12 விருந்தினர்களோடு நிறுத்திக்கொள்கின்றன. நீங்கள் 14 பேர். ஒரே படகில் 14 பேரை மூன்று இரவு தங்க வைக்கிறேன் என்று ஒருவர் 12,000க்குச் சொன்னால், உரிமத்தில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறது, காப்புறுதி எத்தனை பேருக்கு, படுக்கை எத்தனை என்று மூன்றையும் எழுத்தில் வாங்காமல் மேற்கொண்டு பேசவே கூடாது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றிய படகில் ஏதாவது நடந்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடும்.

பணம் கட்டும் விதம். பாதியைக் கையெழுத்துப் போடும்போதும், மீதியைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் போல இருக்கும்போதும் கேட்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான், அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. சொந்த வங்கிக் கணக்கு என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒப்பந்தத்தில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ, பணம் அந்த நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும். ஏஜெண்ட் சிங்கப்பூரில் இருந்துகொண்டு பயணத் தொகுப்பு விற்கிறார் என்றால் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் இருக்கிறதா என்று கழகத்தின் இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள். "இன்றைக்கே கட்டாவிட்டால் படகு போய்விடும்" என்று அவசரப்படுத்தினால், போகட்டும் என்று விடுங்கள், அந்தக் கடலில் வேறு படகும் கிடைக்கும்.

இங்குள்ள சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்ளும், இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் எதிர்த்தரப்பு புக்கெட்டில் இருக்கும் ஒரு தனி ஆள் என்றால் தீர்ப்பு வாங்கினாலும் பணம் வாங்குவது கடினம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சேவை கிடைக்காதபோது வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கிறது. வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பிய பணத்துக்கு அந்த வழி கிடையாது. அதனால் முன்பணத்தைக் கார்டில் கட்டுவதுதான் என் விருப்பம், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமாக 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல் போனாலும் பரவாயில்லை, அதைப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலையாக நினைத்துக்கொள்ளுங்கள். பணம் செலுத்தும் பக்கம் "சிங்கப்பூர் வெள்ளியிலேயே கணக்கிடட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி தாய்லாந்து நாணயமான பாட்டிலேயே கட்டுங்கள், அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்கு நட்டம்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை. கார்டில் போடுவதற்கு முன்பே தம்பி, தங்கை பங்கு உங்கள் கணக்கில் வந்திருக்க வேண்டும், பில் வந்ததும் முழுசாகக் கட்டிவிட வேண்டும். இங்கே கார்டு வட்டி ஆண்டுக்கு 27, 28 விழுக்காடு வரை போகிறது. 6,000 வெள்ளியை ஆறு மாதம் இழுத்தால் 800 வெள்ளிக்கு மேல் வட்டியாகவே போகும், அதைத் தம்பியிடம் கேட்க உங்களுக்கு வாய் வருமா? வராது. எந்த அக்காவுக்கும் வராது.

உங்கள் 9,000 வெள்ளி இரண்டு மாதச் செலவுக்குத்தான் காணும். வேலை போனாலோ வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனாலோ கைகொடுக்க மூன்றிலிருந்து ஆறு மாதச் செலவு கையில் இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்கிறேன், உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். ஏற்கெனவே குறைவாக இருப்பதில் கைவைத்தால் மிஞ்சுவது 3,000, ஒரு மாதம்கூடத் தாங்காது. அந்தப் பணம் இந்தப் பயணத்துக்கு இல்லை என்று இப்போதே முடிவெடுங்கள்.

தம்பி வேண்டாம் என்ற அந்த ஒரு நாள் பயணம் எனக்குப் பிடித்திருக்கிறது, மனதார. படகுக்கு 2,900, எல்லாம் சேர்த்து. பணியாளர்களுக்கு 10 விழுக்காடு, 290. மூன்று இரவு கரையில் ஐந்து அறைகள், அறைக்கு 180 வெள்ளி என்று வைத்தால் 2,700. மொத்தம் 5,890, குடும்பத்துக்கு 2,000க்குள். அதாவது கடலில் மூன்று இரவு தங்க ஒரே ஒரு குடும்பம் கொடுக்கப்போகும் தொகையில் இங்கே 14 பேருக்கும் காரியம் முடிகிறது. தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் தனியாக வரலாம், பிபி தீவுகளுக்கு வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு 400 பாட் கேட்கிறார்கள், 2,900க்குள் அது அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 14 பேருக்கும் உரிமமும் காப்புறுதியும் உண்டா என்ற கேள்வி பகல் பயணத்துக்கும் பொருந்தும்.

பணத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இதுதான் சரி என்று படுகிறது. அறுபது வயது அப்பாவும் அம்மாவும், ஆறு பிள்ளைகளும், ஆடும் படகில் மூன்று இரவு. முதல் நாளே ஒருவருக்கு வாந்தி வந்துவிட்டால் இறங்கிப் போக இடம் கிடையாது. பகல் பயணம் என்றால் ஃபாங் ஙா விரிகுடாப் பக்கம் போகலாம், சுற்றிலும் நிலமும் தீவுகளும் அணைத்திருப்பதால் தண்ணீர் திறந்த கடலைவிட அமைதியாக இருக்கும், சாயந்திரம் கரைக்கு வந்து அப்பா தன் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம். பெரிய விருந்தை எந்த ராத்திரி வேண்டுமானாலும் வைக்கலாம்.

தேதியில் ஒரு சேமிப்பு இருக்கிறது. அந்தமான் கடல் பக்கம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல பருவம், டிசம்பர் தேர்வு சரியானது. ஆனால் கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு வரை படகு, அறை, டிக்கெட் மூன்றுமே விலை ஏறும். நம் பள்ளிகளுக்கு நவம்பர் பிற்பகுதியிலேயே விடுமுறை தொடங்கிவிடுகிறது, டிசம்பர் முதல் வாரத்தில் போய் வந்துவிடுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஜூன் விடுமுறைக்கு மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது தென்மேற்குப் பருவமழைக் காலம். 2018 ஜூலை 5 அன்று வானிலை எச்சரிக்கையை மீறிக் கிளம்பிய ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு புக்கெட் அருகே மூழ்கி 47 பேர் இறந்தார்கள். நல்ல பருவத்திலும் கேப்டன் போக வேண்டாம் என்றால் போகக்கூடாது. அப்படி நிறுத்தினால் பணம் திரும்ப வருமா, வேறு நாள் தருவார்களா, பாதை மட்டும் மாறுமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் பாதை மாறினால் பணம் திரும்பாது.

இனி தம்பி, தங்கையிடம் பேசுவது. இதை நேரில் பேசுவதைவிட குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுவது நல்லது, பின்னால் யாரும் நான் அப்படிச் சொல்லவில்லையே என்று வருத்தப்பட வேண்டியிருக்காது. இப்படி எழுதுங்கள்: "மூன்று பேரும் மாதம் 330 வெள்ளி வீதம் ஆறு மாதம் இந்தக் கணக்கில் போடுவோம். முதல் இரண்டு மாதப் பணம் மூன்று பேரிடமிருந்தும் வந்த பிறகுதான் படகுக்கு முன்பணம் கட்டுவேன். கட்டிய பிறகு யாராவது வர முடியாமல் போனால், திரும்பி வராத பணத்தில் அவர் பங்கு அவருடையது." இதில் கோபமோ கறாரோ எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்து உங்களுடையது, ஒருவர் விலகினால் படகுக்காரர் மீதிப் பணத்தை உங்களிடம்தான் கேட்பார், தம்பியை அவருக்குத் தெரியாது. தம்பிக்குப் போனஸ் வரட்டும், அதை வைத்து அப்பாவுக்கு வேறு ஏதாவது வாங்கட்டும்.

முன்பணம் கட்டிய அன்றே பயணக் காப்புறுதி வாங்குங்கள். பயணம் ரத்தாவதற்கான பாதுகாப்பு, பாலிசி வாங்கிய பிறகு நடக்கும் விஷயங்களுக்குத்தான், கிளம்பும் வாரத்தில் வாங்கினால் அந்தப் பகுதியால் பயனில்லை. இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். படகு உங்கள் ஒருவர் பெயரில் இருக்கும்போது தங்கையின் பங்குக்குத் தங்கையின் பாலிசி பணம் தருமா, அதற்கு என்ன ரசீது வேண்டும்? அப்பாவுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் சாதாரணப் பாலிசிகள் பெரும்பாலும் அதை விலக்கிவிடும், ஏற்கெனவே உள்ள நோய்களையும் சேர்க்கும் திட்டம் கொஞ்சம் விலை கூட, அப்பா அம்மா இருவருக்கு மட்டும் அதை எடுங்கள். நம் நாட்டு அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்கு உதவாது, அதனால் இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

அம்மாவுக்குப் படகு ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாவிட்டால், எதற்கும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு ஃபெரியில் கூட்டிப் போய் வாருங்கள். அங்கிருந்து லாசரஸ் தீவுக்கு நடந்தே போகலாம், கடற்கரையும் நன்றாக இருக்கும். திரும்பி வரும்போது அம்மா எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு ஏஜெண்டுக்குப் பதில் சொல்லுங்கள்.