வீட்டில் பதிவு செய்த பாட்டு டெமோவில், வேறு ஊரில் இருப்பவரை வயலினோ புல்லாங்குழலோ வாசிக்கவைத்துச் சேர்ப்பது எப்படி?

மைக், இன்டர்ஃபேஸ் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். டெமோவை கிளிக் (வேகம் மாறாமலிருக்க ஹெட்ஃபோனில் ஒலிக்கும் மெட்ரோனோம் தட்டு) வைத்துப் பதிவு செய்தீர்களா, இல்லையா? பாதி வேலை அதில்தான் இருக்கிறது.

என் முதல் பாட்டை கிளிக் இல்லாமல் கிட்டார் வாசித்தபடியே பாடிப் பதிவு செய்தேன். பல்லவி நிமிடத்துக்கு 76 தட்டு வேகத்தில் நடக்கும். சரணம் வந்ததும் உணர்ச்சிவசப்பட்டு 82க்கு ஓடும். தனியாகக் கேட்டபோது அது தெரியவே இல்லை, சொல்லப்போனால் அழகாகக்கூட இருந்தது. வயலின் வாசித்தவர் பாடுதான் திண்டாட்டம். நான் எங்கே வேகமெடுப்பேன் என்று காத்திருந்து வாசித்ததில், எல்லா வரியிலும் வயலின் ஒரு நூல் பின்தங்கியது. நேரில் என்றால் என் முகத்தைப் பார்த்தே பிடித்திருப்பார். கடைசியில் 78ல் கிளிக் போட்டு டெமோவையே மறுபடி பாடினேன். உங்களுக்கு மறுபடி பாட மனமில்லை என்றால், பதிவு மென்பொருளில் உங்கள் பாட்டின் வேகத்துக்கு ஏற்ப டெம்போ மேப் (எங்கே எவ்வளவு வேகம் என்ற குறிப்பு) போட்டு, அந்த ஏறி இறங்கும் கிளிக்கையே தனி டிராக்காக அனுப்புங்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் முடியும்.

இரண்டு கோப்புகளாவது அனுப்ப வேண்டும்: குரலோடு முழு ரஃப் மிக்ஸ் (எல்லாவற்றையும் தோராயமாகக் கலந்தது) ஒன்று, கிளிக் மட்டும் ஒன்று. இரண்டும் ஒரே புள்ளியில் தொடங்கட்டும், முன்னால் இரண்டு பார் (தாளச் சுற்று) வெறும் எண்ணிக்கை இருக்கட்டும். வயலின் நடுவில் எட்டு பார் மட்டும்தான் என்றாலும், திரும்பி வரும் கோப்பும் அதே தொடக்கப் புள்ளியிலிருந்து வரவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அப்படி வந்தால் இழுத்துப் போட்டதும் தானாகப் பொருந்தும். எம்பி3 வேண்டாம், அந்த வடிவம் தொடக்கத்தில் துளி மௌனத்தைச் சேர்த்துவிடும், தாளம் நகர்ந்துவிடும். 24 பிட் வேவ் (WAV) கோப்பாகக் கேளுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் மோனோ என்றால் 4 நிமிடத்துக்கு சுமார் 35 எம்பிதான்.

சாம்பிள் ரேட்டையும், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பதையும், முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒருமுறை என் புராஜெக்ட் 44.1 கிலோஹெர்ட்ஸில் இருந்தது, வந்த புல்லாங்குழல் 48ல். மென்பொருள் கேட்ட கேள்வியைப் படிக்காமலே தட்டிவிட்டேன். குழல் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (அரைச்சுரம்) இறங்கி, 4 நிமிடப் பாட்டுக்கு 20 நொடி நீண்டு ஒலித்தது. சுருதியே சேரவில்லையே என்று அவருக்கு ஒரு நீண்ட செய்தி வேறு எழுதினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சுருதி என்றதும் நினைவுக்கு வருகிறது: உதாரணத்துக்கு, கர்னாடக இசை வாசிப்பவரிடம் நாலரைக் கட்டை என்று சொல்லுங்கள், மேற்கத்திய முறையில் பழகியவரிடம் எஃப் ஷார்ப் என்று சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுதான். குழல் வாசிப்பவர் சுருதியைப் பார்த்துத்தான் எந்தக் குழலை எடுப்பது என்றே முடிவு செய்வார், அதனால் பின்னால் மாற்றுவது சிரமம்.

நீங்கள் கீபோர்டில் வாசித்துவைத்த போலி வயலினை ரஃப் மிக்ஸில் சேர்க்காதீர்கள். வேண்டுமானால் தனியாக அனுப்பலாம். காதில் அது ஒலித்துக்கொண்டே இருந்தால் அவர் அதை நகலெடுக்கத்தான் செய்வார். பிறகு ஆளைத் தேடிப் பிடித்ததற்கு என்ன பயன்?

வரும் பதிவு ரிவெர்ப் (மென்பொருளில் சேர்க்கும் எதிரொலி) இல்லாமல் வரட்டும். அவருக்குப் பிடித்த ரிவெர்ப் போட்ட பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கலாம், ஆனால் மிக்ஸுக்குப் பயன்படுவது வெறும் பதிவுதான். உங்கள் குரல் ஓர் அறையில், வயலின் இன்னொன்றில். இரண்டையும் ஒரே ரிவெர்ப்புக்கு அனுப்பினால்தான் ஒரே இடத்தில் நிற்பதுபோல் கேட்கும். அவர் அறையின் எதிரொலி பதிவிலேயே ஏறியிருந்தால் பிரிப்பது கஷ்டம். அதனால் முழுப் பாட்டும் வாசிப்பதற்கு முன் 20 நொடி மாதிரி கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

பணம், எத்தனை திருத்தம், பாட்டு வெளியானால் பெயர் எப்படி வரும், உரிமையில் பங்கு உண்டா இல்லையா, இதெல்லாம் தொடங்கும் முன் எழுத்தில் இருக்கட்டும், நண்பராகவே இருந்தாலும்.

அப்புறம், நீங்கள் எழுதிக்கொடுத்ததை வாசித்து முடித்ததும், “உங்கள் இஷ்டப்படி ஒரு டேக்” என்று கேளுங்கள். முதலில் சொன்ன பாட்டின் இடையிசையில் இப்போது இருப்பது அப்படி வந்ததுதான். நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது எங்கோ ஒரு ஃபோல்டரில் கிடக்கிறது.