மலைக்கு அந்தப் பக்கம் எஃப்.எம். ஏன் கேட்பதில்லை? அலைகள் பற்றிச் சில கேள்விகள்

மஸ்கெலியா, தோட்ட இளைஞர்: சேர், எங்கள் லயன் வீடு பள்ளத்தில் இருக்கிறது. எஃப்.எம். போட்டால் ஒரே இரைச்சல். தாத்தாவின் பழைய ரேடியோவில் மீடியம் வேவ் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. ஏன்?

தம்பி, முதலில் அலைநீளத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒளியின் கதி செக்கனுக்கு 3 லட்சம் கிலோமீற்றர். ரேடியோ அலைக்கும் அதே கதிதான். அதை மீடிறனால், அதாவது அலை ஒரு செக்கனில் எத்தனை தடவை அதிர்கிறது என்ற எண்ணால், வகுத்தால் அலைநீளம் வரும். 100 மெகாஹேர்ட்ஸ் எஃப்.எம். அலைக்கு 3 மீற்றர்; 1000 கிலோஹேர்ட்ஸ் மீடியம் வேவுக்கு 300 மீற்றர். அலை நீளமாக இருந்தால்தான் மலை விளிம்பில் நன்றாக வளைந்து பின்பக்கம் இறங்கும். பாடப்புத்தகத்தில் இதற்குக் கோணல் என்று பெயர். மீடியம் வேவ் நிலத்தை ஒட்டியும் ஓடும். எஃப்.எம். அலைக்கு உங்கள் மலை பெரிய மதில். மோதி அங்கேயே நின்றுவிடும். 2524 மீற்றர் உயரப் பிதுருதலாகல உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் வைத்திருப்பதும் இதனால்தான்.

ஒன்று செய்து பாருங்கள். எஃப்.எம்.முக்கு ரேடியோக் கம்பியை முக்கால் மீற்றர் அளவுக்கு இழுத்து விடுங்கள், அலைநீளத்தில் கால்வாசி அது. மீடியம் வேவுக்கு அந்தக் கம்பி உதவாது. ரேடியோவைத் திறந்தால் கறுப்பு ஃபெரைட் கோல் ஒன்றில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும், ஏரியல் அதுதான். அதனால் ரேடியோவையே திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். தாத்தாவுக்கு இது தெரிந்திருக்கும்.

அவரே: போனும் அப்படியா? ஒரு கல்லில் ஏறி நின்றால்தான் சிக்னல் வருகிறது.

900 மெகாஹேர்ட்ஸ் என்றால் அலைநீளம் 33 சென்ரிமீற்றர். வளைவது இன்னும் குறைவு. ஆனால் எதிர்ப் பாறையில் பட்டுத் தெறித்து வரும். தெறித்து வரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று கூட்டும், இன்னோர் இடத்தில் அழிக்கும். கல்லில் ஒரு சாண் தள்ளி நின்றாலே சிக்னல் மாறுவது அதனால்தான்.

ரம்பொடை, லொறி சாரதி: மிஸ்ட் நேரத்தில் மஞ்சள் லைட் ஊடுருவிப் போகும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை அண்ணே. மிஸ்ட் துளி ஏறக்குறைய 10 மைக்ரோமீற்றர், ஒளியின் அலைநீளம் அரை மைக்ரோமீற்றர். துளி இவ்வளவு பெரிதாக இருந்தால் எல்லா நிறமும் ஒரே மாதிரித்தான் சிதறும். மிஸ்ட் வெள்ளையாகத் தெரிவதே அதனால்தானே. ஹைபீம் போட்டால் அந்த வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். டிம் போடுங்கள், ஃபொக் லைட்டைப் பம்பருக்குக் கீழே தாழ்வாகப் பூட்டுங்கள். லைட் கண்ணாடியின் நிறத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

பொகவந்தலாவ, இல்லத்தரசி: மழை பெய்தால் டிஷ் டிவி நின்றுவிடுகிறது. மிஸ்டில் மட்டும் நிற்பதில்லையே?

நல்ல கேள்வி அக்கா, போன பதிலை அப்படியே திருப்பிப் போட்டால் விடை வந்துவிடும். டிஷ்ஷுக்கு வரும் அலை ஏறக்குறைய 2.5 சென்ரிமீற்றர் நீளம். மிஸ்ட் துளி அதற்குத் தூசி மாதிரி, தாண்டிப் போய்விடும். பெரிய மழைத்துளி சில மில்லிமீற்றர் இருக்கும்; அது அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். 36,000 கிலோமீற்றர் கடந்து மெலிந்து வரும் சிக்னலுக்கு அது போதும். டிஷ்ஷை ஆட்டாதீர்கள். மழை விட்டதும் படம் தானாக வரும்.

அட்டன், தாய் ஒருவர்: லயனுக்கு மேலே போன் டவர் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருமா?

பயப்படுவது நியாயம்தான் அம்மா, அதனால் விபரமாகச் சொல்கிறேன். எக்ஸ் கதிர் அணுவிலிருந்து இலத்திரனையே பிடுங்கி எறியும், ஆபத்து அங்கேதான். டவர் அலைக்கு அந்த வலு இல்லை. ஒளியும் ரேடியோ அலையும் போட்டோன் என்ற சிறு சிறு சக்திப் பொட்டலங்களாகத்தான் வரும். பச்சை வெளிச்சத்தின் ஒரு போட்டோனுக்கு உள்ள சக்தி 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் போட்டோனைவிட ஆறு லட்சம் மடங்கு. டவர் அலையால் உறுதியாக நடக்கக்கூடியது சூடேற்றுவது, அதுவும் தூரம் இரட்டித்தால் செறிவு நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். 2011இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ரேடியோ அலைகளை "புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்" என்ற பிரிவில் சேர்த்தது உண்மை. அது முக்கியமாகக் காதோடு ஒட்டிப் பேசும் போனை வைத்து வந்த முடிவு. மகன் இரவெல்லாம் காதில் வைத்திருக்கும் போனைத்தான் நான் முதலில் வாங்கி வைப்பேன்.

நானுஓயா, கொழுந்து பறிப்பவரின் மகள்: குளிராகவே இருக்கிறது. அம்மாவின் முகம் மட்டும் எப்படி இவ்வளவு கறுக்கிறது?

தோலைக் கறுக்க வைப்பது புற ஊதாக் கதிர், அதை உடம்பால் உணர முடியாது மகள். 1000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய பத்து வீதம் கூடும். மெல்லிய முகில் அதைப் பெரிதாகத் தடுக்காது. அம்மாவிடம் அகன்ற விளிம்புத் தொப்பி போடச் சொல்லுங்கள்.

தலவாக்கலை, சாதாரண தர மாணவி: ஒளி நீருக்குள் போனால் நிறம் மாறுமா?

மாறாது. மீடிறன் அப்படியே இருக்கும். கதியும் அலைநீளமும்தான் குறையும். வளியில் 600 நனோமீற்றர் என்றால் நீரில் 600ஐ 1.33ஆல் வகுத்து, ஏறக்குறைய 450. வளியில் 450 என்றால் நீலம், ஆனாலும் நீருக்குள் உள்ள கண்ணுக்கு அது செம்மஞ்சளாகத்தான் தெரியும். நிறத்தைத் தீர்மானிப்பது மீடிறன் என்று காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள் மகள்.